பழங்காசின் விலையும் மதிப்பும்





புனித ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கும் வேளையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சிறு துணிப்பை ஒன்றைக் கொணர்ந்து நம்முன் வைத்தார். அவருடைய பாட்டனார் விட்டுச் சென்ற வெள்ளி ரூபாய்க் காசுகள் அதில் இருந்தன. அவர் கேட்ட கேள்விகள் மூன்று. "இவற்றுக்கு ஜகாத் உண்டா? உண்டெனில் வெள்ளியின் எடைக்கா, பழங்காசு வாங்குவோர் சொல்லும் விலைக்கா? உருக்கிக் காசாக்கிவிடலாம் என்கிறார்கள், கொடுத்துவிடலாமா?"

கேள்விகள் எளியவை. ஆயினும் விடை தேடப் புகுந்த நாம், இஸ்லாமிய நாணயங்களின் வரலாற்றுக்குள்ளும், இன்று உலகெங்கும் நடைபெறும் பழங்காசு வாணிகத்துக்குள்ளும் செல்ல நேர்ந்தது. அங்குக் கண்டவற்றை இவ்வாண்டு மலரில் தொகுத்துத் தருகின்றோம்.

காசில்லாத தொடக்கம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டுக்கெனத் தனி நாணயம் இருக்கவில்லை. சிரியாவுக்குச் சென்ற வணிகர் ரோமப் பேரரசின் தங்கக் காசுகளைக் கொணர்ந்தனர். இராக்கிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வெள்ளிக் காசுகள் வந்தன. தீனார், திர்ஹம், ஃபல்ஸ் என்னும் பெயர்களே இதற்குச் சான்று. தீனார் என்பது இலத்தீன் மொழியின் தெனாரியஸ் என்பதிலிருந்தும், திர்ஹம் என்பது கிரேக்கரின் திராக்மா என்பதிலிருந்தும் பிறந்த சொற்கள்.

இஸ்லாமிய ஆட்சி விரிந்த பின்னரும் சில பத்தாண்டுகள் பழைய அச்சுகளே தொடர்ந்தன. பாரசீக மன்னரின் தலையும், மறுபுறம் நெருப்புப் பீடமும் கொண்ட வெள்ளிக் காசின் விளிம்பில் 'பிஸ்மில்லாஹ்' என்னும் சொல் மட்டும் அரபியில் சேர்க்கப்பட்டது. அத்தகைய காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒரு சமுதாயம் தன் சொந்த முகத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தின் சாட்சிகள் அவை.

ஹிஜ்ரி 77

உமய்யாக் கலீபா அப்துல் மலிக் பின் மர்வான் (ஆட்சி கி.பி. 685 – 705) இந்நிலையை மாற்றினார். முதலில் வாளேந்தி நிற்கும் கலீபாவின் உருவத்துடன் தங்கக் காசு வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் அதுவும் கைவிடப்பட்டது. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696 – 697) உருவம் ஏதுமற்ற, எழுத்து மட்டுமே நிறைந்த தீனார் அச்சாகியது. ஒரு புறத்தின் நடுவே ஏகத்துவக் கலிமா. மறுபுறம் சூரா இக்லாஸின் சொற்கள். விளிம்பில் அச்சிட்ட ஆண்டு. ஹிஜ்ரி 79 முதல் வெள்ளித் திர்ஹமும் பெருமளவில் இம்முறைக்கு மாறியது. அதில் ஆண்டோடு நகரின் பெயரும் இடம்பெற்றது.

மன்னனின் முகத்துக்குப் பதிலாக இறைவனின் ஒருமையைப் பொறித்த அந்தச் செயல் உலக நாணய வரலாற்றில் பெரும் திருப்பம். அதன்பின் நூற்றாண்டுகள் பலவற்றுக்கு, ஸ்பெயின் முதல் சிந்து வரை, இஸ்லாமிய நாணயம் என்றாலே எழுத்து நாணயம் என்றாயிற்று. அதே வேளையில் இறைவசனம் பொறித்த காசை ஒளூ இல்லாதவரும் தொட நேருமே என்று அக்கால மார்க்க அறிஞருள் சிலர் தயங்கியதும் உண்டு. பிற்காலத்தில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் தம் நாணயங்களில் கலிமாவைப் பொறிக்காது நிறுத்தியதும் இதே பேணுதலால்தான்.

இச்சீர்திருத்தத்தின் மற்றொரு சிறப்பு எடை. தீனார் ஒன்று 4.25 கிராம். பத்துத் திர்ஹத்தின் எடை ஏழு மித்காலுக்குச் சமம் என்னும் விகிதப்படி ஒரு திர்ஹம் 2.975 கிராம். தங்கத்துக்கு இருபது தீனார், வெள்ளிக்கு இருநூறு திர்ஹம் என்பது ஜகாத்தின் நிஸாப் என்பதை நாமனைவரும் அறிவோம். இருபதை 4.25ஆல் பெருக்கினால் 85 கிராம் தங்கம். இருநூறை 2.975ஆல் பெருக்கினால் 595 கிராம் வெள்ளி. தற்கால மார்க்க அறிஞர் பலர் கூறும் இவ்வளவுகள், அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட உமய்யாக் காலக் காசுகளைத் தராசிலிட்டு உறுதி செய்யப்பட்டவை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான காசு உருக்கப்படாமல் எஞ்சியதால்தான், இன்று நாம் நம் கடமையைக் கிராம் கணக்கில் அறிகின்றோம்.

சந்தை சொல்லும் விலை

இனிச் சந்தைக்கு வருவோம். 2011 ஏப்ரலில் லண்டன் மாநகரில் மார்ட்டன் அண்ட் ஈடன் என்னும் ஏல நிறுவனம் உமய்யாத் தீனார் ஒன்றை ஏலமிட்டது. கட்டணங்கள் உள்பட அது 37 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுக்கு விற்பனையானது. 2019 அக்டோபரில் அதே வகைத் தீனார் மீண்டும் அங்கு ஏலத்துக்கு வந்து, அதே அளவு தொகையைப் பெற்றது. அன்றைய மாற்று மதிப்பில் இது முப்பது கோடி ரூபாய்க்கும் மேல்.

அக்காசில் அப்படி என்ன இருந்தது? தங்கம் மற்றத் தீனார்களில் உள்ள அளவே. உருவமும் அதுவே, கலிமாவும் அதுவே. ஆனால் ஹிஜ்ரி 105ஆம் ஆண்டுக்குரிய (கி.பி. 723) அந்தக் காசில் கூடுதலாகச் சில சொற்கள் இருந்தன. அமீருல் முஃமினீனுக்குரிய, ஹிஜாஸில் உள்ள சுரங்கம் என்பதே அவற்றின் பொருள். மக்காவும் மதீனாவும் அமைந்த அப்புண்ணிய பூமியில் அகழ்ந்த தங்கத்தால் ஆன காசு என்பதை அது தானே எடுத்துரைக்கிறது. இத்தகையவை உலகில் பத்துப் பன்னிரண்டு அளவிலேயே அறியப்பட்டுள்ளன. சாதாரண ஆண்டுகளுக்குரிய உமய்யாத் தீனார்களோ இவ்விலையில் மிகச் சிறு பங்குக்கே கிடைக்கும். விலை உயர்ந்தது தங்கத்தால் அன்று, சொல்லால்!

பழங்காசுச் சந்தையின் முதல் விதி இதுவே. பழமை மட்டும் விலையைத் தருவதில்லை. ஹஜ்ஜாஜ் நிறுவிய வாசித் நகரில் அச்சான திர்ஹம்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஆயினும் அவை ஏராளமாக அச்சாகி ஏராளமாக எஞ்சியுள்ளதால், பல காசுகள் இன்றும் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் தேடுகின்றனர், எழுத்து எவ்வளவு தெளிவாக உள்ளது என்னும் மூன்றுமே விலையை நிர்ணயிக்கின்றன. ஹிஜ்ரி 77 முதல் உமய்யா ஆட்சி முடிந்த 132 வரை ஆண்டுக்கொரு தீனார் சேர்க்க முயல்வோர் பலர் உளர். அவ்வரிசையில் அரிய ஆண்டு ஒன்று ஏலத்துக்கு வந்தால் போட்டி கடுமையாகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் இச்சந்தை பெரிதும் மாறியுள்ளது. முன்னர் ஐரோப்பியச் செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த துறையில், வளைகுடா நாடுகளின் சேகரிப்பாளரும் அருங்காட்சியகங்களும் இறங்கினர். இணையம் வந்தபின், எக்காசு எங்கு என்ன விலைக்குப் போனது என்பதை யாரும் வீட்டிலிருந்தே அறிய இயலுகிறது. காசை ஆராய்ந்து தரச்சான்று அளித்து, நெகிழிப் பேழையில் அடைத்து முத்திரையிடும் நிறுவனங்கள் பெருகின. தங்கம் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எதிர்விளைவு ஒன்றும் நேர்கிறது: 1980ஆம் ஆண்டில் வெள்ளி விலை திடீரென உச்சிக்குச் சென்றபோது பழைய வெள்ளிக் காசுகள் பெருமளவில் உலைக்குப் போயின. உருகிய காசில் எழுத்து இல்லை. எழுத்து இல்லையேல் வரலாறும் இல்லை.

எங்கிருந்து வந்தது?

இன்று சந்தையில் ஓங்கி ஒலிக்கும் கேள்வி, 'இக்காசு எவ்வளவு பழையது?' என்பதைக் காட்டிலும் 'இது எங்கிருந்து வந்தது?' என்பதே. பண்பாட்டுச் செல்வங்களின் கள்ள வாணிகத்தைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை உருவானது. 2003இல் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டதும், 2011க்குப்பின் சிரியா போரில் சிக்குண்டதும் நெஞ்சைப் பிளக்கும் நிகழ்வுகள். இராக், சிரியா நாடுகளிலிருந்து கடத்தப்பட்ட தொல்பொருள் வாணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2015 பிப்ரவரித் தீர்மானத்தின் வழித் தடை செய்தது.

இதன் விளைவைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஜூலியஸ் சீசர் கொலையுண்டதன் நினைவாகப் புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. பின்னர் அதன் பூர்வீகம் பற்றிய ஆவணம் பொய் எனத் தெரியவர, காசு பறிமுதலாகி 2023 மார்ச்சில் கிரீஸ் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. கோடிகள் கொடுத்தாலும் களவுப் பொருள் களவுப் பொருளே. இது நம் மார்க்கம் என்றும் கூறிவரும் நெறி; இன்று உலகச் சட்டமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துள்ளது.

கண்டெடுத்த இடம் தெரிந்தால் காசு எவ்வளவு பேசும் என்பதற்குச் சுவீடன் நாட்டின் கோட்லாந்துத் தீவு சான்று. 1999இல் அங்கு ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணை நிலத்தில் ஏறத்தாழ 67 கிலோ வெள்ளிப் புதையல் வெளிப்பட்டது. அதில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள். பெரும்பாலானவை இஸ்லாமியத் திர்ஹம்கள்! அவற்றிடையே, மூஸா (அலை) அவர்களை இறைத்தூதர் எனப் பொறித்த காசும் ஒன்று. யூத சமயத்தைத் தழுவியிருந்த கஸார் மக்கள் திர்ஹத்தைப் பார்த்து அச்சிட்டது அது. பாக்தாத் வணிகரின் வெள்ளி, கஸார் நாட்டைக் கடந்து, வட கடலோரத்து வைக்கிங்குகளிடம் சேர்ந்த பாதை முழுவதும் அப்புதையலில் உறைந்து கிடந்தது. ஒவ்வொரு காசாகக் கைமாறி விற்கப்பட்டிருந்தால் இவ்வரலாறு சிதறிப் போயிருக்கும்.

இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா மன்னன் (கி.பி. 757 – 796), அப்பாசியக் கலீபா மன்சூரின் தீனாரைப் பார்த்து அச்சிட்ட தங்கக் காசு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரபி அறியாத கம்மியர் கலிமாவைப் பார்த்துச் செதுக்கி, அதன் இடையே மன்னன் பெயரைத் தலைகீழாகப் பொறித்துள்ளனர். தீனார் எத்துணை நம்பிக்கை பெற்றிருந்தது என்பதை இதைவிட எவ்வாறு கூறவியலும்?

செம்பில் எஞ்சிய சுல்தான்கள்

தூர தேசம் எதற்கு? நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில், தில்லி சுல்தானின் ஆளுநராக மாபாருக்கு வந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, மதுரையில் தனியாட்சி நிறுவினார். அவர் மகளை மணந்தவர் உலகப் பயணி இப்னு பதூதா. அவர் மதுரைக்கு வந்து, கியாஸுத்தீன் தம்கானியின் ஆட்சியைக் கண்டு எழுதினார். நாஸிருத்தீன் அரியணை ஏறிய பின்னர் அவர் இந்நாட்டை விட்டு நீங்கினார்.

அதன்பின் என்ன நடந்தது என்பதைத் தொடர்ந்து கூறும் பயண நூல் இல்லை. ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்னும் பிற்காலச் சுல்தான்களின் பெயரும் காலமும் பெரும்பாலும் அவர்களுடைய நாணயங்களின் வழியே நமக்குத் தெரியவந்தன. ஹுல்ஷ் முதலிய அறிஞர்கள் இக்காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து ஆட்சி வரிசையை அமைத்தனர்.

அவற்றுள் பல, விரல் நுனியளவே உள்ள செப்புக் காசுகள். அத்தகையதொன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் ஒரு தேநீருக்கும் ஆகாது. ஆனால் தமிழகத்தில் இருந்த ஓர் ஆட்சியின் இறுதி அத்தியாயம் அச்செம்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. லண்டனில் முப்பது கோடி பெற்ற தீனாரும், மதுரையின் மண்ணில் கிடந்த செப்புக் காசும் விலையால் வானும் மண்ணும் போன்றவை, சாட்சியத்தால் உடன்பிறப்புகள்.

ஏமாற்றுவோர் வலை

சந்தை வளரும் இடத்தில் வஞ்சகமும் வளர்கிறது. நம் மக்களின் பக்தியையே மூலதனமாக்கும் கூட்டத்தைப் பற்றி எச்சரிப்பது நம் கடமை. 786 என்னும் எண்ணுடைய ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருவதாகவும், கஅபாவின் படம் பொறித்த 'பழங்காசு' வீட்டில் இருந்தால் பரக்கத் பெருகும் என்றும் கூறுவோர் உளர். கஅபாவின் படம் கொண்ட இவ்வில்லைகள் எவ்வரசும் வெளியிட்ட நாணயங்கள் அல்ல. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த செம்பு என்று கூறி லட்சங்களைப் பறித்த வழக்குகள் தமிழகக் காவல் நிலையங்களுக்குப் புதியவை அல்ல. காசில் பரக்கத்தைத் தேடுவது அறிவுக்கும் ஏற்றதன்று, ஈமானுக்கும் ஏற்றதன்று.

பழைய நோட்டும் காசும் வாங்குவதாகத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாமென ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. விலை தருவதாகக் கூறுபவர் முன்பணம் கேட்டால் அது வியாபாரம் அன்று, மோசடி.

அச்சிட்ட போலிகளும் உண்டு. எடை பொருந்தாமை, வார்ப்பின் கோடு விளிம்பில் தெரிதல், எழுத்தின் முனை மழுங்கியிருத்தல், சிறு குமிழ்க் குழிகள் காணப்படுதல் ஆகியவை போலியைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தை வாசிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். மதரஸாவில் அரபி பயின்ற நம் பிள்ளைகள், சிறிது கூஃபி எழுத்தும் பழகினால் இத்துறையில் சிறந்த அறிஞராக வரலாம் என்பதைப் பெற்றோர் கவனத்துக்குக் கொணர்கின்றோம்.

சட்டம் கூறுவது

பழைய வீட்டைப் பிரிக்கையிலோ, பள்ளிவாசல் திருப்பணிக்காக அஸ்திவாரம் தோண்டுகையிலோ காசுக் குடம் வெளிப்படுமாயின் என் செய்வது? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எப்பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அறிவித்தவரை இச்சட்டம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அரசு எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு, அதன் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வழிவகை உள்ளது. இவ்வாறு வந்த காசுகளே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை வளப்படுத்தியுள்ளன.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் ஆகும். அதை வெளிநாட்டுக்குத் தனியார் எடுத்துச் செல்லல் கூடாது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் பணிபுரியும் நம் சகோதரர்கள், நண்பருக்குப் பரிசாகக்கூட இவற்றைப் பெட்டியில் வைத்துச் செல்லல் ஆகாது என்பதை நினைவில் கொள்க.

மூன்று கேள்விகளுக்கும் விடை

இனித் துணிப்பையோடு வந்த அன்பருக்கு வருவோம். முதற்கேள்வி ஜகாத். வெள்ளி காசாக இருப்பினும் வெள்ளியே. வீட்டிலுள்ள மற்ற வெள்ளியோடு சேர்ந்து நிஸாபை எட்டி, ஓராண்டு நிறைந்தால் ஜகாத் உண்டு. நம் முன்னோர் கூறும் ஐம்பத்திரண்டரைத் தோலாவில், தோலா என்னும் அளவே பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடைதான், 11.66 கிராம். நம் பாட்டன்மாரும் காசைக் கொண்டே கடமையை அளந்தனர்! இதன்படி நிஸாப் 612 கிராம் ஆகிறது. 595 கிராம் என்போரும் உளர். 1940க்கு முந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வந்தவற்றில் பாதியே வெள்ளி. ஆகவே கலப்பைக் கணக்கிடும் முறையைத் தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

இரண்டாவது, எவ்விலைக்கு என்பது. வாரிசாக வந்து வீட்டில் இருப்பவற்றுக்கு வெள்ளியின் கணக்கு. விற்று இலாபம் ஈட்டும் எண்ணத்தோடு வாங்கி வைத்தவர்க்கு அவை வணிகச் சரக்கு. அன்றைய சந்தை விலையே கணக்கு.

மூன்றாவது, உருக்கலாமா என்பது. அவை அவருடைய உடைமை; உருக்குவதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்று கேட்டுக்கொண்டோம். உலைக்குப் போகும் முன் ஒவ்வொரு காசின் ஆண்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். எடுத்துக்காட்டாக, 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அதனாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி. மற்ற ஆண்டுகள் பலவும் வெள்ளி விலையை ஒட்டியே போகும். அவர் அங்கேயே அமர்ந்து, கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒவ்வொன்றாக ஆண்டைப் படிக்கத் தொடங்கினார். அரியது ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் பாட்டனார் பிறந்த ஆண்டில் அச்சான ஒன்று இருந்தது. அதை மட்டும் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள். காசின் எடையிலும் எழுத்திலும் பொய் கலவாதிருந்ததால்தான் தீனார் உலகின் எல்லைவரை சென்றது. நம் கைக்கு வரும் பழங்காசையும் அதே நேர்மையோடு கையாள்வோமாக. அழியாமல் காப்போம், மறைக்காமல் அறிவிப்போம், அறியாதாரை ஏமாற்றாமலும், அறிந்தோர் என நடிப்பாரிடம் ஏமாறாமலும் இருப்போம்.

எல்லாம் வல்ல ரஹ்மான் நம் பொருளிலும் நம் அறிவிலும் பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன்.